மழை தின்ற தூண்கள்

சிட்காவுக்குத் தரைவழி கிடையாது. அலாஸ்காவின் தென்கிழக்கில், பரானோவ் தீவின் மேற்குக் கரையில், திறந்த பசிபிக்கைப் பார்த்தபடி இருக்கும் அந்தச் சிற்றூரை விமானத்திலோ கப்பலிலோதான் அடைய வேண்டும். ஊரில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். கடைத்தெருவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வீடுகள் முடிந்து காடு தொடங்கிவிடும். காட்டுக்குள்ளிருந்து ஒரு சிற்றாறு வந்து கடலில் சேர்கிறது. வரைபடத்தில் அதன் பெயர் இந்தியன் ஆறு. அந்த மண்ணுக்கு உரிய டிலிங்கிட் மக்கள் காஸ்டா ஹீன் என்பார்கள். அந்தக் கழிமுகத்தைச் சுற்றியிருப்பதுதான் சிட்கா தேசிய வரலாற்றுப் பூங்கா. மொத்தமே 113 ஏக்கர்.

அலாஸ்காவில் அமெரிக்கக் கூட்டரசு ஒதுக்கிய முதல் பூங்கா இது. 1890-ல் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் பொதுப் பூங்காவாக ஒதுக்கினார். 1910-ல் அதிபர் டாஃப்ட் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1972-ல் இன்றைய பெயர் வந்தது. இத்தனைக்கும் நடுவில் இருப்பது கழிமுகத்தருகே ஒரு சிறு புல்வெளி. 1804-ல் அங்கே ஒரு போர் நடந்தது. அந்தப் போர் யாருடைய கதை என்பதற்கு இந்தப் பூங்கா அன்று சொன்ன பதிலும் இன்று சொல்லும் பதிலும் ஒன்றல்ல. அந்த மாற்றத்துக்காகவே இந்த இடத்தைப் போய்ப் பார்க்கவேண்டும் என்பேன்.

முதலில் காட்டைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காடு என்றதும் புழுக்கமும் கொசுவும் நினைவுக்கு வரும். இது குளிர்ந்த மழைக்காடு. வட பசிபிக்கின் நீரோட்டம் கரையை உறையவிடாமல் காக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தீவின் மலைகளில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,200 மில்லிமீட்டர். குளிர்காலம் உறைநிலையை ஒட்டியே நின்றுவிடும், கோடை சுடாது, ஈரம் மட்டும் எப்போதும் இருக்கும். ஊரின் பெயரைத் தாங்கிய சிட்கா ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் வானை மறைத்து நிற்கின்றன. கீழே பாசி, பெரணி, சால்மன்பெர்ரிப் புதர், தொட்டால் முள்ளேறும் டெவில்ஸ் கிளப் செடி. டிலிங்கிட் வைத்தியத்தில் இந்த முட்செடியின் பட்டைக்குப் பெரிய இடம் உண்டு. விழுந்த மரத்தின் முதுகிலேயே ஹெம்லாக் கன்றுகள் வரிசையாக வேர்விடுகின்றன. அடிமரம் மக்கி மறைந்த பிறகு அந்த வேர்கள் மண்ணுக்கு மேலே கால்களைப் போல நிற்கும். இங்கே மரத்தில் செய்த எதையும் ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மழை தின்றுவிடும்.

அந்தக் காட்டுப் பாதையில்தான் குலக்குறித் தூண்கள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் பூங்காவையே ‘டோட்டெம் பார்க்’ என்றுதான் சொல்கிறார்கள். கடலோரமாக நடக்கும்போது மரங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக அவை தென்படும். காகம், கழுகு, ஓநாய், தவளை, திமிங்கலம், அவற்றின் பிடியில் மனித முகங்கள். முதல்முறை வருகிறவர் இவை சிட்கா மக்களின் தூண்கள், அந்தப் போரோடு தொடர்புடையவை என்றே நினைப்பார். பெரும்பாலானவை அப்படி இல்லை. தெற்கே வெகு தொலைவில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவைச் சேர்ந்த ஹைடா மக்களின் ஊர்களிலிருந்தும் தெற்கு டிலிங்கிட் ஊர்களிலிருந்தும் வந்தவை அவை. சிட்கா போன்ற வடக்கத்திக் குலங்கள் தங்கள் சின்னங்களைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, கூரையைத் தாங்கும் தூண்களிலும் மரத்திரைகளிலும் செதுக்கி வைத்தன. உயரமான தூணுக்கு உகந்த சிவப்பு சிடார் இவ்வளவு வடக்கே இயற்கையாக வளர்வதும் இல்லை.

கொண்டுவந்தவர் ஜான் பிரேடி. மிஷனரியாக சிட்காவுக்கு வந்து, வணிகராகி, பிறகு அலாஸ்காவின் ஆளுநர் ஆனவர். 1901-ல் ஹைடா தலைவர் சானஹெய்ட் ஒரு பெரிய தூணையும் வீட்டுத் தூண்கள் நான்கையும் அவரிடம் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு தலைவர்களும் கொடுத்தார்கள். சிட்காவில் ஒரு பொதுப் பூங்காவில் வைத்துப் பாதுகாப்போம் என்பது பிரேடி அவர்களுக்குத் தந்த வாக்கு. ஆனால் அந்தத் தூண்கள் முதலில் போனது 1904-ன் செயின்ட் லூயி உலகக் கண்காட்சிக்கு. அலாஸ்கா என்றாலே பனியும் பாழும் என்று நினைத்த அமெரிக்கர்களை ஈர்க்க அவை கண்காட்சிக் கட்டடத்தின் முன்னே நின்றன. அடுத்த ஆண்டு போர்ட்லண்டில் ஒரு கண்காட்சி. இரண்டு தூண்கள் திரும்பவே இல்லை. ஒன்று இண்டியானாபொலிஸுக்கும் ஒன்று மில்வாக்கிக்கும் போய்ச் சேர்ந்தன. மற்றவை 1906-ல் சிட்கா வந்தன. இ. டபிள்யூ. மெரில் என்ற புகைப்படக் கலைஞர் காட்டுப் பாதையில் எந்த வளைவில் எந்தத் தூண் நின்றால் கண்ணுக்கு எட்டும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினார். அழகு கெடாமல் செய்தார், அதை மறுக்க முடியாது. இன்றைக்கும் அந்தப் பாதையில் நடப்பவரின் மனசில் நிற்பது அவர் அமைத்த காட்சிதான்.

அதே 1904-ன் டிசம்பரில் சிட்காவில் ‘கடைசி பொட்லாச்’ என்ற பெயரில் ஒரு பெருவிருந்து நடந்தது. இறந்தவரை நினைத்து, விருந்தினருக்கு வாரி வழங்கி, குலத்தின் பெயரையும் சின்னத்தையும் சாட்சிகள் முன் அறிவிக்கும் சடங்கு பொட்லாச். தூண் நடுவது அதன் ஓர் அங்கம். இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்று விரும்பிய பிரேடி, கடைசியாக ஒருமுறை என்று அதற்கு ஆதரவு தந்தார். தூண் வேண்டும், அதை நட்டுவைக்கும் சடங்கு வேண்டாம். அந்தக் காலத்து ஆட்சியின் மனம் இதைவிடத் தெளிவாக எங்கும் வெளிப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. சடங்கு ஒழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூ.ஈக் என்ற தங்கள் பெயரோடு டிலிங்கிட் குலங்கள் இன்றும் அதை நடத்துகின்றன.

இனி அந்தப் புல்வெளி.

ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது கடல் நீர்நாயின் தோலுக்காக. சீனச் சந்தையில் அந்தத் தோலுக்கு அவ்வளவு விலை. கம்பெனியின் தலைவர் அலெக்சாண்டர் பரானோவ் 1799-ல் இன்றைய ஊருக்குச் சில மைல் வடக்கே ஒரு கோட்டை கட்டினார். 1802-ல் டிலிங்கிட் வீரர்கள் அதை அழித்தார்கள். ரஷ்யர் திரும்பி வருவார்கள் என்று சிட்காவின் டிலிங்கிட் குலங்களில் ஒன்றான கிக்ஸாடிகளுக்குத் தெரியும். பீரங்கியோடு வருவார்கள் என்பதும் தெரியும். ஆகவே காஸ்டா ஹீன் கழிமுகத்தில் ஷீஸ்கி நூ என்ற புதிய கோட்டையைக் கட்டினார்கள். இடம் தேர்ந்தெடுத்ததிலேயே அறிவு தெரிகிறது. கோட்டைக்கு முன்னே ஆழமில்லாத அலைப்படுகை நீண்டு கிடக்கிறது. பெரிய கப்பல் கிட்டே வர முடியாது, தூரத்தில் நின்று சுடுவதுதான் வழி. சுவருக்கு எடுத்தது வெட்டி நாளாகாத இளம் ஸ்ப்ரூஸ் மரங்கள். ஈரமும் நெகிழ்வும் உள்ள அந்த மரச்சுவர் சாய்வாக நின்று பீரங்கிக் குண்டுகளின் வேகத்தை வாங்கித் திருப்பியது.

1804 இலையுதிர் காலத்தில் பரானோவ் வந்தார். பூமியைச் சுற்றிவரப் புறப்பட்டிருந்த ‘நேவா’ என்ற போர்க்கப்பல் தளபதி யூரி லிசியான்ஸ்கியின் கீழ் அவரோடு சேர்ந்துகொண்டது. தோல்படகுகளில் நூற்றுக்கணக்கான அலியூட், அலுட்டிக் ஆட்கள். பலர் கம்பெனிக்குக் கட்டாய உழைப்பாகப் பிடித்துவரப்பட்டவர்கள். அக்டோபர் 1-ம் தேதி தரைவழியே தாக்கினார்கள். கிக்ஸாடிகள் அவர்கள் நெருங்கும் வரை சுடாமல் காத்திருந்து, பிறகு பொழிந்தார்கள். காகத் தலைக்கவசம் அணிந்து, கொல்லன் சுத்தியலைக் கையில் ஏந்திப் போரிட்டவர் கிக்ஸாடி வீரர் கல்யான். அந்தத் தலைக்கவசம் பூங்காவுக்கு அருகே ஷெல்டன் ஜாக்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரானோவுக்குக் கையில் காயம். ரஷ்யர் பின்வாங்கினார்கள்.

அதுவரை போர் டிலிங்கிட் பக்கம் இருந்தது. தலைகீழானது ஒரு படகால். அவர்களுக்கு வெடிமருந்து ஏற்றிவந்த படகு கடலிலேயே வெடித்துச் சிதற, கூடவே முக்கிய வீரர்களும் மாண்டார்கள். மருந்து இல்லாமல் கோட்டையைக் காக்க முடியாது. பேச்சுவார்த்தையில் நாள் கடத்திக்கொண்டே கிக்ஸாடிகள் குழந்தைகள், முதியோரோடு இரவில் புறப்பட்டார்கள். ரஷ்யர் நுழைந்தபோது கோட்டையில் ஆளில்லை. அவர்கள் அதை எரித்தார்கள். புறப்பட்டவர்கள் மலையும் காடும் தாண்டித் தீவின் வடகரைக்குப் போய், நீரிணைக்கு அப்பால் வேறொரு கோட்டை கட்டினார்கள். அங்கிருந்தபடியே ரஷ்யரின் வணிகத்துக்குத் தொல்லை கொடுத்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, ரஷ்யரே அழைத்த பிறகுதான் சிட்காவுக்குத் திரும்பினார்கள்.

நடந்தது இது. 1910-ன் அறிவிப்பு இதை ரஷ்யர் அலாஸ்காவை வென்ற போர்க்களம் என்ற நோக்கில் கொண்டாடியது. 1926-ல் ரஷ்யக் காவல்வீட்டின் நகல் ஒன்றைப் பூங்காவில் எழுப்பினார்கள். மாண்ட ரஷ்ய மாலுமிகளுக்கு ஆற்றின் மறுகரையில் நினைவிடம். பாதை நெடுக வேற்றூர்த் தூண்கள். தங்கள் நிலத்துக்காகப் போரிட்ட கிக்ஸாடிகளுக்கு, அவர்களே நட்டதாக அங்கே ஒன்றுமில்லை. 1867-ல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றதையும் சேர்த்துப் பார்த்தால், தோற்றவரைக் கேட்காமலே வென்றவர் ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிய நிலத்தில் வென்றவரின் நினைவுச்சின்னம் நின்றது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. தொடக்கம், மழை. முப்பதுகளில் பிரேடி கொண்டுவந்த தூண்கள் உளுத்துவிட்டிருந்தன. பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாதோருக்காக அமெரிக்க அரசு அமைத்த குடிமைப் பாதுகாப்புப் படையின் கீழ் டிலிங்கிட், ஹைடா சிற்பிகள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு நகல்களைச் செதுக்கினார்கள். தங்கள் சொந்தக் கலையைச் செய்ய அரசு கூலி கொடுத்தது அதற்கு முன் அபூர்வம். முதிய கைகளிலிருந்து இளைய கைகளுக்கு உளி மாறியது. இன்று பாதையில் நிற்பவை பெரும்பாலும் நகல்களும் நகலின் நகல்களும்தான். பழையவற்றில் மிஞ்சியவை பார்வையாளர் மையத்தின் உயர்ந்த கூடத்தில் பத்திரமாக நிற்கின்றன. நகல் என்பதால் சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூண் சாய்ந்தால் சாயட்டும், மண்ணுக்குப் போகட்டும், தேவையானபோது புதிதாக ஒன்றை நடலாம் என்பதுதான் அந்த மக்களின் மரபு. மழை தூணைத் தின்றிருக்காவிட்டால் சிட்காவில் செதுக்கும் கை இன்னும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1969-ல் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குள்ளேயே உள்ளூர்ப் பழங்குடியினரின் கலை மையம் தொடங்கியது. மரம், வெள்ளி, நெசவு எல்லாம் அங்கே வருகிறவர் கண்ணெதிரே நடந்தன. அந்தப் பட்டறையோடு வளர்ந்த டிலிங்கிட் சிற்பி டாமி ஜோசப் செதுக்கிய கல்யான் தூணை 1999-ல் கோட்டை இருந்த புல்வெளியில் நட்டார்கள். போரில் மாண்ட கிக்ஸாடிகளின் நினைவாக எழுப்பப்பட்ட தூண் அது. போர் நடந்து 195 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நிலத்தில். பூங்காவில் ஒரே ஒரு தூணைத்தான் நின்று பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். மெரில் அமைத்த பாதையின் அழகுக்காக இது நிற்கவில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது.

2004-ல் போரின் இருநூறாம் ஆண்டு. கிக்ஸாடிகள் தங்கள் மாண்டோருக்கான துக்கச் சடங்கை அந்தப் புல்வெளியில் நிறைவு செய்தார்கள். பரானோவின் வழிவந்த ஒருவர் ரஷ்யாவிலிருந்து வந்து கலந்துகொண்டார். இருநூறு ஆண்டுகளாக முடியாமல் இருந்த ஒரு துக்கத்தை முறைப்படி முடிக்க இரு தரப்பும் ஒரே இடத்தில் கூடின. இதற்கு முன்பே கிக்ஸாடி மூத்தவர் ஹெர்ப் ஹோப் தீவைக் கடந்து போன அந்தப் பயணத்தின் தடத்தைத் தேடி நடந்து, வாய்மொழியாகக் கேட்டதை எழுதி வைத்தார். தப்பியோட்டம் என்று ரஷ்ய ஆவணங்கள் எழுதிய ஒன்றை, குழந்தைகளைக் காப்பாற்ற நடந்த நெடும்பயணம் என்று பூங்காவே இன்று சொல்கிறது.

கோட்டை எங்கே இருந்தது என்பதிலும் ஒரு பழைய பிணக்கு இருந்தது. ஐம்பதுகளில் தோண்டிப் பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு நடந்த ஆய்வில் பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன. ஆனாலும் ஆய்வாளர்களில் சிலருக்கு ஐயம் தீரவில்லை. கார்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரையைக் கீறாமல் ரேடார் அலைகளால் துழாவி, 2021-ல் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். லிசியான்ஸ்கி வரைந்து வைத்திருந்த கோட்டைப் படத்தின் சரிவக வடிவத்தோடு பொருந்தும் சுவடு மண்ணுக்குள் தெரிந்தது. தலைமுறைகளாக இங்கேதான் என்று கிக்ஸாடிகள் காட்டி வந்த அதே இடம். செய்தித்தாள்கள் கோட்டை கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதின. தொலைந்தே போகாத ஒன்றைப் பற்றி அப்படி எழுதியது எனக்கு உறுத்தியது.

ஊரும் மாறியிருக்கிறது. 1989-ல் நடு ஊரில் நிறுவிய பரானோவ் சிலையை, 2020-ல் நகரமன்றம் வாக்கெடுத்து அருங்காட்சியகத்துக்குள் மாற்ற முடிவு செய்தது. உடைக்கவில்லை, ஒளிக்கவில்லை, வரலாற்றைப் படிக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அவர் பெயர் தாங்கிய தொடக்கப் பள்ளிக்கு 2022-ல் ஹூட்ஸ் என்ற டிலிங்கிட் பெயர் வந்தது. பழுப்புக் கரடி என்று பொருள். தீவுக்கு மட்டும் இன்னும் பரானோவின் பெயர். ரஷ்யர் காலத்தின் நல்ல தடங்களைப் பூங்கா கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஊருக்குள் 1843-ல் கட்டி முடிந்த ரஷ்ய ஆயர் இல்லம் அதன் பொறுப்பில்தான் இருக்கிறது. கூரையும் சுவரும் உளுத்துக் கிடந்த அந்த மரவீட்டைப் பல ஆண்டு பாடுபட்டுப் புதுப்பித்து 1988-ல் திறந்தார்கள்.

ஆற்றின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது எதிரேயிருந்த தீவில் கடற்படைத் தளம் கட்டச் சரளை தேவைப்பட்டது. பாதுகாக்கப்பட்ட நினைவிடம் என்பதையும் பாராமல் கழிமுகத்தில் அள்ளினார்கள். கரை அரித்து, ஆற்றின் போக்கே மாறியது. காயம் முழுதாக ஆறவில்லை. ஆனால் ஆகஸ்ட் முதல் இளஞ்சிவப்பு சால்மன் மீன்கள் ஏறிவரும்போது நடைபாலத்தில் நின்று பார்த்தால், சில நாட்களில் ஆற்றின் அடித்தளமே தெரியாது. முட்டையிட்டு மீன்கள் சாகும். காகமும் கழுகும் கரடியும் அவற்றைக் காட்டுக்குள் இழுத்துப் போகும்; அந்த மீன்சத்து மண்ணில் சேர்ந்து ஸ்ப்ரூஸுக்கு உரமாகிறது. போருக்குக் காரணமான கடல் நீர்நாய் வேட்டையில் இந்தக் கரையிலிருந்து அடியோடு அழிந்துபோயிருந்தது. அறுபதுகளில், பெரும்பாலும் அலியூஷியன் தீவுகளிலிருந்து, சுமார் நானூறைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. நண்டையும் சிப்பியையும் அவை தின்றுதீர்ப்பதாக உள்ளூர் மீனவர்கள் குறைசொல்லும் அளவுக்கு.

கூட்டமும் பெருகியிருக்கிறது. 2023-ல் சொகுசுக் கப்பல்களில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிட்காவில் இறங்கினார்கள். அதில் ஒரு பகுதி கோடை நாட்களில் காலையும் மதியமும் இந்தக் குறுகிய பாதைக்கு வருகிறது. ஆண்டுக்கு 3 லட்சம் என்று வரம்பு வைக்கலாமா என 2025 மே மாதம் ஊரார் வாக்களித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கப்பலில் வருபவருக்கு நேரம் குறைவு. முதல் சில தூண்களோடு படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். புல்வெளி வரை நடப்பதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்களே ஆகும். வழிகாட்டிகள் இதை மட்டுமாவது வற்புறுத்திச் சொல்லவேண்டும்.

இனி வருவது மரத்தைப் பொறுத்தது. பூங்காவைச் சுற்றி விரிந்திருப்பது டோங்கஸ் தேசியக் காடு, சுமார் 1.67 கோடி ஏக்கர். சிட்காவுக்கு அருகே ஜப்பானிய முதலீட்டில் இயங்கிய கூழ் ஆலை 1959 முதல் 1993 வரை இந்தக் காடுகளின் மரங்களை அரைத்தது. அந்தக் காலத்தில் தெற்கே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவிலும் பெருமரங்கள் வெகுவாக வெட்டப்பட்டன. பிரேடியின் தூண்கள் வந்ததும் அதே பகுதியிலிருந்துதான். நல்ல தூணுக்கு முடிச்சில்லாத, முறுக்கில்லாத, பல நூறாண்டு வயதுள்ள சிவப்பு சிடார் வேண்டும். அப்படி மரம் தேடுவது இப்போதே சிற்பிகளுக்குப் பெரும்பாடு. டோங்கஸில் சாலை போடுவதையும் வெட்டுவதையும் கட்டுப்படுத்தும் 2001-ன் விதியிலிருந்து 2020-ல் அந்தக் காட்டுக்கு விலக்கு தந்தார்கள், 2023-ல் மறுபடி விதியைக் கொண்டுவந்தார்கள், 2025-ல் விதியையே நீக்கப்போவதாக அமெரிக்க விவசாயத் துறை அறிவித்தது. புல்வெளியில் நிற்கும் கல்யான் தூணுக்கும் ஒருநாள் மாற்று செதுக்கவேண்டி வரும். அதற்கான சிடார் இப்போது தெற்கே ஏதோ ஒரு தீவில் நின்றுகொண்டிருக்கிறது. செதுக்கக் கற்றவர்கள் சிட்காவில் இருக்கிறார்கள்.